ஸ்க்ரம் நானாவின் கழுத்து

அன்றைக்குக் கடையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து நானும் இருந்தேன் என்று கதை விடக்கூடாது. ஸ்க்ரம் நானா, அவருடைய மனைவி ராத்தா, மெத்தைக்கு உறை தைக்கும் செல்வி அக்கா, பாரம் தூக்கும் பண்டா, கல்யாணக் கட்டிலுக்கு மெத்தை பார்க்க மாத்தளையிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, அந்த மாப்பிள்ளையின் தகப்பன், மழைக்கு ஒதுங்கிய தபால்காரர், நான். ஆக எட்டுப் பேர். வெளியே, அக்குறணைப் பிரதான வீதியில் ஓடிய வெள்ளத்தின் நடுவே, நின்றுபோன ஒரு வான் வண்டிக்குள் ஒன்பதாவது ஆள் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

இந்த எட்டுப் பேரில் ஏழு பேருக்குப் பயம். ஸ்க்ரம் நானாவுக்கு மட்டும் இல்லை. கண்டி மாவட்டத்திலேயே பயம் என்ற சாமானை வாங்காமல் பிறந்த ஒரே மனிதர் அவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவருக்குச் சேரவேண்டிய பங்கும் வழி தவறி என்னிடம் வந்துவிட்டது என்பது என் நெடுநாள் சந்தேகம்.

முஸ்லிம் வீடுகளில் நானா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. இந்த இரண்டு சொல்லும் வாயில் இருந்தால் அக்குறணையில் பாதி ஊர் உங்களுக்குச் சொந்தம். வங்கியில் நானாவுக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். திரும்பவும் முடியாது. அவரைப் பார்க்க வைக்கவேண்டும் என்றால் அலுமாரியைத் திருப்புவதுபோல முழு ஆளும் காலிலிருந்து திரும்பவேண்டும். காரணம், கழுத்து. இந்தக் கதை முழுக்க அந்தக் கழுத்தைப் பற்றியதுதான்.

நானா ரகர் ஆடியவர், வெளியூரில் ரக்பி என்பார்களே, அது. கண்டியில் ரகர் ஆடியவர்களுக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸில் உங்கள் காலை மிதித்தவர் திரும்பிப் பாராமல் முன்னால் போனால், ஒருகாலத்தில் ஆடியவர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கண்டி முழுக்கப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் பதின்மூன்று பேர் ஆடும் லீக் ஆட்டத்துக்குப் போனார். மத்திய மாகாண லீக் அணியில் முன்வரிசைக்காரர். பார்க்க வந்த கூட்டம், அவர் சொன்ன கணக்குப்படி, ஆடியவர்களைவிட நாலு பேர் அதிகம். அந்த நாலு பேரும் ஐஸ் பழம் விற்க வந்தவர்கள்.

இரண்டு அணியிலும் ஆறு ஆறு பேர் தோளோடு தோள் கோர்த்து, குனிந்து, எதிராளியின் தலைக்குப் பக்கத்தில் தலையை விட்டு நிற்பதற்குப் பெயர் ஸ்க்ரம். லீக் ஆட்டத்தில் அங்கே யாரும் உண்மையாகத் தள்ளுவதில்லை. பேருக்குச் சாய்ந்து நின்றுவிட்டுப் பந்து வெளியே வந்ததும் எழும்பிவிடுவார்கள். ஆடுகிறவர்கள் எல்லோரும் பேசாமல் பேசிக்கொண்ட ஒப்பந்தம் அது. நானாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னது அந்தக் காதுகளுக்குள் போகவில்லை. அவருடைய காதுகள் இரண்டும் மழையில் நனைந்து காய்ந்த தோல் சப்பாத்து மாதிரி மடிந்து போயிருந்தன. எட்டு வருஷம் அவர் உண்மையாகவே தள்ளினார். ஊர் அவருக்கு ஸ்க்ரம் நானா என்று பெயர் வைத்தது. எட்டாவது வருஷம் எதிரணிக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அத்தோடு ஆட்டம் முடிந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, இரண்டு எலும்பு இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்றார். இனி ஒரு தள்ளோ ஒரு பாரமோ போதும், கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுபோகலாம் என்றார். நானா அதைக் கேட்டுவிட்டு, மேலே ஒன்றும் ஆகாது இல்லையா என்று கேட்டாராம். ராத்தா அங்கேயே அழுதிருக்கிறார்.

இருபது வயதிலிருந்து தரையில் விழுந்து விழுந்து எழும்பியவனுக்குத்தான் மெத்தையின் அருமை தெரியும் என்று சொல்லி, ஊருக்குள் ஓடும் ஆறான ஓயாவுக்கு முதுகைக் காட்டியபடி நின்ற ஒரு கடையை எடுத்து மெத்தை வியாபாரம் தொடங்கினார். அந்த எக்ஸ்ரேயை ராத்தா காசு மேசைக்கு எதிர்ச் சுவரில், மற்றக் கடைகளில் கலண்டர் தொங்கும் இடத்தில், பின்னால் ஒரு பல்பு வைத்து மாட்டினார். நானா தலையை நிமிர்த்தினால் தன் கழுத்தைத்தான் பார்க்கவேண்டும். அவர் அதையும் வியாபாரம் ஆக்கினார். "பாத்தீங்களா, இந்தக் கழுத்தே நம்மட மெத்தையிலதான் தூங்குது" என்பார். வாங்க வந்தவர்கள் எக்ஸ்ரேயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேசாமல் காசை எடுப்பார்கள்.

நான் அங்கே போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்ன தெரியும் என்று நானா கேட்டார். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்படியே சொன்னேன். போய்வா என்று சொல்ல அவர் வாயெடுத்த நேரம், உள்ளேயிருந்து ராத்தா கேட்டார்.

"தம்பி, நீங்க பயந்த ஆளா?"

"ரொம்பங்க."

"எனத்துக்குப் பயம்?"

பஸ்ஸுக்கு, பாலத்துக்கு, நாய்க்கு, இடிக்கு, வங்கியில் நிரப்பச் சொல்லும் படிவத்துக்கு என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். கொட்டாவி விட்டால் தாடை பூட்டிக்கொள்ளுமோ என்ற பயத்துக்கு வரும்போது அவர் நிறுத்தினார்.

"போதும். இவர்தான் நமக்கு வேணும்."

வாழ்க்கையில் என் பயத்துக்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அந்தக் கடை. ஊருக்கு நான் மெத்தை விற்பவன். உண்மையில் என் வேலை கழுத்தைப் பார்த்துக்கொள்வது. நானா குனிந்தால் இருமவேண்டும். எதையாவது பிடித்தால் ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடிக்கவேண்டும். தள்ளுகிற மாதிரி எங்கேயாவது சாய்ந்தால் ராத்தாவைக் கூப்பிடவேண்டும். "இந்த மனிசன் படுக்கையில விழுந்தா நான் பாக்க ஏலும் தம்பி. ஆனா அவருக்கு அப்பிடிக் கெடந்து பாக்க ஏலா" என்றார் ராத்தா. இதைச் சொல்லும்போது அவர் தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவேயில்லை.

கடை ஆட்ட விதிப்படி நடந்தது. லீக்கில் பந்தை வைத்திருக்கும் அணியை ஆறு தரம் மடக்கலாம். ஆறாவது தரத்தோடு பந்து மற்றப் பக்கம் போய்விடும். நானா கடையிலும் விலை பேச ஆறு தரம்தான். வாங்குபவர் ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் ஒரு விரலை மடக்குவார். ஆறாவதோடு, "முடிஞ்சி. இனி எண்ட மொறை" என்று சொல்லிவிட்டு அவர் விலையைக் கூட்டத் தொடங்குவார். முக்கால்வாசிப் பேர் இரண்டாவது கூட்டலில் பயந்துபோய் வாங்கிவிடுவார்கள். கடுகண்ணாவையிலிருந்து வந்த ஒரு டீச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அவர் ஆறு தரம் கூட்டும்வரை பார்த்திருந்துவிட்டு, ஆறு முடிஞ்சுது நானா, இப்ப என் முறை என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். பின்னேரம் மூன்று மணிக்கு நானா வாங்கிய விலைக்கும் கீழே மெத்தையைக் கொடுத்து, இரண்டு தலையணையைச் சும்மா கொடுத்து, எழும்பி நின்று கைதட்டி அனுப்பினார்.

பிழை செய்தால் மஞ்சள் அட்டை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் பத்து நிமிஷம் போய் உட்காரவேண்டும். பண்டாவுக்கு அந்தத் தண்டனையில் ரொம்பப் பிரியம். தேத்தண்ணி ஆசை வந்தால் மெத்தையைத் தலைகீழாக வைத்துவிட்டு அட்டைக்குக் காத்திருப்பான். மீட்டர் பார்க்க வந்தவர், விலாசம் கேட்டு வந்தவர், ஒருதடவை நானாவின் சொந்த மச்சான், எல்லோரும் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருநாள் நான் வெளியே போன நேரம் பார்த்து நானா பஞ்சு மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்ற, ராத்தா மேசை லாச்சியிலிருந்து அட்டையை எடுத்து அவருக்கே காட்டினார். மறு பேச்சு இல்லை. தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷமும் உட்கார்ந்திருந்தார். நடுவருடைய தீர்ப்பை எதிர்த்துப் பேசக்கூடாதாம்.

மெத்தையின் தரத்தைக் காட்ட முன்பெல்லாம் அவரே அதன்மேல் விழுந்து காட்டுவாராம். நூற்றுப் பத்துக் கிலோ. கழுத்துக்காக ராத்தா அதைத் தடை செய்தபிறகு அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. எனக்கோ ஐம்பத்திரண்டு கிலோ. நான் பயந்து பயந்து கண்ணை மூடிக்கொண்டு விழுவதைப் பார்த்தால் மெத்தை வாங்க வந்தவருக்கு மெத்தையில் நம்பிக்கை வராது, என்மேல் இரக்கம்தான் வரும். அதிலும் வியாபாரம் நடந்தது.

இனி ஒன்பதாவது ஆள். எங்கள் கடைக்கு எதிரே முட்டை மொத்த வியாபாரம் செய்தவர். ஊருக்கு அவர் விங்கர். அதே மாகாண அணியில், ஓரத்தில் வேகமாக ஓடுகிற இடத்தில் ஆடியவர், கண்டி டவுன் வேதக்காரர். ஒரு முக்கியமான ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் நானா கொடுத்த பந்தைக் கோட்டுக்கு இரண்டு அடி இருக்கும்போது கைதவற விட்டவர். இருபது வருஷத்துக்கு மேலாக நானா அதை மறக்கவில்லை. தினமும் காலையில் இருவரும் கடை திறக்கும்போது வீதிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு இது நடக்கும்.

"பந்து புடிக்கத் தெரியாதவனெல்லாம் முட்டை யாவாரம் செய்றான். காலம் வந்தீக்கிற விதத்தப் பாரு."

"நீ குடுத்தது பந்தாடா? கேஸ் சிலிண்டர எறிஞ்ச மாதிரி எறிஞ்ச."

"கேஸ் சிலிண்டர்னாலும் புடிக்கோணும்."

இதைக் கேட்காமல் அந்த வீதியில் ஒரு கடையும் திறந்ததில்லை. சண்டை என்று நான் முதலில் பயந்தேன். நானா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தவர் விங்கர்தான் என்று ராத்தா பிறகு சொன்னார். அதற்காகத் திட்டு குறையவில்லை.

என் காவலிலும் ஓட்டை விழத்தான் செய்தது. நானா என்னைத் தேத்தண்ணிக்கு அனுப்பினால் எதையோ தூக்கப்போகிறார் என்று அர்த்தம். அதனால் நான் கடைவாசல் தாண்டியதும் திரும்பி ஓடிவருவேன். ஒருநாள் அப்படி வந்தபோது பின் அறையில் ஆளைக் காணவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தால் சுவருக்குத் தோள் கொடுத்து, காலைப் பின்னால் ஊன்றி, சுவரோடு ஸ்க்ரம் ஆடிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு உதிர்ந்து தலையெல்லாம் வெள்ளை. என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "சும்மா சாஞ்சிட்டு ஈக்கிறேன்" என்றார்.

நான் இருமினேன். வேறு என்ன செய்ய?

"ராத்தாட்ட செல்லாத" என்றார். பிறகு மெதுவாக, "ஒனக்குத் தெரியா தம்பி. தள்ளாம இருந்தா நான் எங்க முடிறேன், செவரு எங்க தொடங்குதுண்டு எனக்கே வெளங்குதில்ல" என்றார்.

எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. ஆனால் ராத்தாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு பயம் கூடிப்போனது. கழுத்து நின்றுபோகுமோ என்ற பழைய பயத்தோடு, கழுத்தைக் காப்பாற்றப் போய் ஆளை நிறுத்திவிடுவேனோ என்ற பயம்.

வெள்ளத்துக்கு வருகிறேன். அக்குறணையில் மழை பெய்யவேண்டும் என்று இல்லை. மேலே மலையில் பெய்தால் போதும், ஓயா கடைகளின் பின்கதவைத் தட்டிவிடும். அன்று விடியற்காலையிலிருந்து மேலே இருட்டிக்கொண்டிருந்தது. நான் பத்து மணியிலிருந்தே பின்பக்கம் போய்ப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்கு, மெத்தை எல்லாவற்றையும் மேல்மாடிக்கு ஏற்றுவோம் என்றேன். பண்டா என்னைப் பார்த்துச் சிரித்தான். நானா எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ராத்தா மட்டும் ஏற்றச் சொன்னார். நானாவை மேசையில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏற்றினோம். மாத்தளைக்காரர்கள் வந்தபோது கடையில் காட்ட ஒரு மெத்தைகூட இல்லை. தகப்பன் கோபித்துக்கொண்டு கிளம்பத் திரும்பிய நேரம், வாசல் படியில் தண்ணீர் ஏறியது.

கால் மணித்தியாலத்தில் வீதி ஓயாவாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் விங்கரின் வான் கண்டிப் பக்கமிருந்து வந்தது. எங்கள் கடைக்குச் சற்று முன்னால் வீதி பள்ளம். பள்ளத்தைத் தாண்டினால் பள்ளிவாசல் ஏற்றம், அங்கே தண்ணீர் இல்லை. வேகமாக ஓட்டினால் தாண்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஓரத்தில் ஓடியவர்களுக்கு அந்த நினைப்புப் போகாது. பள்ளத்தின் நடுவில் எஞ்சின் நின்றது. வான் நிறைய முட்டை. விங்கருக்கு நீச்சல் தெரியாது. வானின் சில்லுகள் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன. தண்ணீர் தள்ளத் தள்ள, வான் பின்பக்கமாக, ஓயாவுக்குத் திறந்திருந்த சந்தின் பக்கம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

நானா எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டினார். நான் ஓடிப்போய் வாசலில் குறுக்கே நின்றேன்.

"வழிய உடு."

"ஏலாதுங்க நானா."

அதற்குமுன் யாருக்கும் எதற்கும் நான் ஏலாது என்று சொன்னதில்லை. என் குரலைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு தள்ளு தம்பி. ஒரே ஒரு தள்ளு."

"அந்த எலும்புக்கு ஒன்னு ரெண்டுன்னு எண்ணத் தெரியாதுங்க."

என்னைத் தூக்கி ஒரு பக்கம் வைக்க அவருக்கு ஒரு கை போதும். கையை நீட்டினார். அதற்குள் வானிலிருந்து சத்தம் வந்தது. விங்கர் யன்னலில் தலையை விட்டுக் கத்தினார்.

"டேய், நீ எறங்காத. முட்ட போனா போகட்டும். ஒன்ன மறுபடி அந்தக் கட்டில்ல வச்சுப் பாக்க என்னால முடியாது."

"பொத்து வாய. புடிக்கத் தெரியாதவன் பேசாத" என்றார் நானா. ஆனால் நீட்டிய கை என் தோளில் வந்து நின்றுவிட்டது. பின்னால் ராத்தா அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். 

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. நானா எக்ஸ்ரேயைப் பார்த்தார். வானைப் பார்த்தார். பிறகு முழு ஆளும் திரும்பிக் கடைக்குள் இருந்தவர்களை எண்ணினார். தன்னையும் ராத்தாவையும் விட்டு எண்ணினார்.

"ஆறு பேர். லீக்ல ஸ்க்ரம்முக்கு ஆறு பேர்தான்" என்றார். பிறகு என்னிடம், "நீ எண்ட எடத்துல நில்லு" என்றார்.

மாத்தளை மாப்பிள்ளை, தான் மெத்தை வாங்க வந்ததாக மறுபடியும் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. தபால்காரர் பையைக் கழற்றிக் காசு மேசைமேல் வைத்தார். இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு வானுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தோம். முன்வரிசையில் நடுவில் செல்வி அக்கா, ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் பண்டா. பின்னால் தபால்காரரும் மாப்பிள்ளையும். அதற்கும் பின்னால் தகப்பன், மகனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே. நானா கடைப்படியில் நின்று ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னார், கை எங்கே, தோள் எங்கே, கால் எவ்வளவு அகலம் என்று. செல்வி அக்காவின் தோளைப் பிடிக்க நான் கூச்சப்பட்டதைக் கண்டு, வெக்கத்த வீட்டுல போய்ப் படு என்றார். எனக்கு மட்டும் தனியாகச் சொன்னார்.

"முதுகு மெத்த மாதிரித் தட்டையா ஈக்கோணும். தலைய உள்ளுக்குக் குனியாத. கழுத்தக் கவனி தம்பி."

இத்தனை வருஷமும் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் எனக்குச் சொன்னார். அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை.

முதல் தள்ளில் வான் அசையவில்லை. இரண்டாவதில் அசைந்து, நாங்கள் மூச்சு விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளவில்லை என்றார் நானா. தபால்காரர் முந்திக்கொள்கிறார், மாப்பிள்ளை தள்ளவேயில்லை, பண்டா அட்டைக்குத் தள்ளுகிறான். நான் தண்ணீர் ஓடும் சந்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. கால் நடுங்கியது. அந்த நடுக்கம் செல்வி அக்காவின் தோள் வழியாகப் பண்டா வரைக்கும் போயிருக்கவேண்டும். அவன் அதற்குப் பிறகுதான் உண்மையாகப் பிடித்தான்.

மூன்றாவது தரம் நானா குனியச் சொன்னார், கோர்க்கச் சொன்னார். பிறகு அவர் தொண்டையிலிருந்து வந்தது சொல் இல்லை. என்ன சத்தம் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆறு பேரும் அந்தச் சத்தத்துக்குள்ளே போய்த் தள்ளினோம். என் முகம் வானின் பின்கதவோடு ஒட்டியிருந்தது. முட்டை வாசம். கழுத்தில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. நிறுத்தலாம் என்று நினைத்தேன், ஆனால் நிறுத்துவதற்கும் பயமாக இருந்தது. சில்லுக்கடியில் தார் பிடித்தது. வான் ஏற ஆரம்பித்தது. ஏற்றத்தில் நின்றிருந்த ஆட்கள் ஓடிவந்து முன்னால் கயிறு போட்டு இழுக்க, பள்ளிவாசல் வாசலில் போய் நின்றது.

நான் பார்க்காததை ராத்தா சொன்னார். நாங்கள் தள்ளும்போது நானா படியில் நின்று வெறும் காற்றைத் தள்ளினாராம். சட்டையைப் பிடித்திருந்த ராத்தாவையும் இழுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கி, தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் நின்றுவிட்டாராம். அவர் அழுதாரா என்று கேட்டேன். முகம் மழையில் நனைந்திருந்தது, எனக்குத் தெரியா என்றார் ராத்தா.

தண்ணீர் வடிந்தபிறகு நானாவை இரண்டு பக்கமும் பிடித்துப் பள்ளிவாசலடிக்குக் கூட்டிவந்தோம். விங்கர் அப்போதுதான் வானின் கதவைத் திறந்தார்.  முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பமுடியாமல், மேலே இருந்த ஒரு தட்டை எடுத்து எங்களுக்குக் காட்டத் திரும்பினார். தட்டுச் சரிந்தது. நாலு முட்டை கீழே விழுந்து உடைந்தது. அன்று முழுக்க உடைந்தது அந்த நாலும்தான்.

வீதியே நானாவைப் பார்த்தது. இருபது வருஷத்துக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்கவில்லை. அவர் வாயைத் திறந்தார். விங்கரையும் கீழே கிடந்த முட்டையையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். விங்கர் வந்து அவருடைய நெஞ்சில் நெற்றியை வைத்து நின்றார். கழுத்தில் கை போடாமல், கவனமாக.

கொஞ்ச நேரம் கழித்து நானா என்னிடம் வந்து, ஒரு விரலால் என் கழுத்தைத் தொட்டார்.

"நோவுதா?"

"நோவுதுங்க."

"அப்ப சரியாத்தான் தள்ளீக்கிறாய்."

மறுநாள் விடிந்தபோது என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை. எனக்கும் எலும்பு இரண்டு இடம் மாறிவிட்டது, நாளைக்குக் கை போகும், மறுநாள் கால் போகும் என்று நினைத்துக்கொண்டே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, சதைப்பிடிப்பு, ஒரு மாதம் கழுத்துப் பட்டி போடு என்றார். பட்டி வெளியே மருந்துக்கடையில் மூவாயிரத்து இருநூறு ரூபாய். அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நானா அலுமாரி மாதிரித் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அதேமாதிரித் திரும்பி அவரைப் பார்த்தேன். ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு அணிதான் செலவு தரவேண்டும், பட்டிக் காசு தன் பொறுப்பு என்றார். அன்றைக்குத் தரவில்லை.

அடுத்த வருஷம் நான் பேராதனையில் சின்னதாக ஒரு குஷன் கடை போட்டு வந்துவிட்டேன். முதல் தவணைக்குச் சரக்கை நானாதான் அனுப்பினார். அதற்குக் காசு வாங்கமாட்டேன் என்று சண்டை பிடித்தார். பட்டிக் காசு மட்டும் அப்படியில்லை. அது கடன், கடனைக் கடன் மாதிரித்தான் தீர்க்கவேண்டும் என்றார். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நான் அக்குறணைக்குப் போவேன். சாப்பாடு முடிந்ததும் நானா மேசை லாச்சியைத் திறந்து ஒரே ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து, இரண்டு கையாலும் என் கையில் வைப்பார். மாதம் பல லட்சத்துக்கு மெத்தை விற்கும் மனிதர். மிச்சத்தை அடுத்த பெருநாளைக்கு வந்து எடுத்துக்கொள் என்பார். ராத்தா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வட்டிலப்பத்தை வெட்டுவார்.

இப்போது அவருடைய கழுத்தைப் பார்ப்பதற்கு ஒரு புதுப்பையன் இருக்கிறான். துணிச்சல்காரன் என்று கேள்வி. அதனால் எனக்கு அடிக்கடி நித்திரை வருவதில்லை. அப்படியான நேரங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். இதுவரை ஏழு பெருநாள் போயிருக்கிறேன், எழுநூறு ரூபாய் வந்திருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு பெருநாள். இதே கணக்கில் போனால் இன்னும் பன்னிரண்டரை வருஷம் அவர் இருந்தாகவேண்டும். எனக்குத் தரவேண்டியது இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.